தருவைகுளத்தில் செத்துப் பிழைத்த கருப்பு மணிகள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை தருவைகுளம் போனேன். கடல் பார்க்க அல்ல, மானத்தைக் காப்பாற்ற. நான் மதுரையில் வேதியியல் வாத்தியார். பரோட்டா கடைகளில் மிஞ்சும் எண்ணெயைப் பயோடீசலாக்க அந்த ஊர் மகளிர் குழுவுக்கு எங்கள் ஆய்வகத்தின் திட அமில வினையூக்கியைக் கொடுத்திருந்தேன். பார்க்கக் கடுகளவு கருப்பு மணிகள். வடிகட்டிக் கழுவினால் திரும்பத் திரும்ப உதவும் என்று வாய் கிழியப் பேசியும் இருந்தேன். முதல் தடவை ஜோராக வந்தது. மூன்றாவது தடவை மொத்தமும் சோப்பாகிவிட்டது.

பலமுறை காய்ந்த எண்ணெயில் அமிலம் கூடிவிடும். மணிகள் அதை முதலில் தீர்த்துவிட வேண்டும். தீர்க்காமல் அடுத்த கட்டத்தில் காரம் சேர்த்தால் சோப்புதான்.

மாட்டுத்தாவணியில் காலை 4.45க்குப் பேருந்து. எட்டு மணிக்குத் தூத்துக்குடி. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் 17 கிலோமீட்டர், 40 நிமிடம், 18 ரூபாய். வழியெல்லாம் உப்பளம். அப்போதும் என் மண்டையில் உறைக்கவில்லை.

குழுத் தலைவி ரீத்தா, டீசல் செய்யும் கொட்டகை வாசலில் நின்றார்.

"சார், இன்னைக்கும் சோப்பு வந்துச்சுன்னா கொட்டகைய மீன் ஐஸ் பெட்டி வைக்கக் குடுத்திருவோம். பேசி முடிச்சாச்சு."

கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் வலித்தது.

"மணியை எப்படிக் கழுவுறீங்கக்கா?"

"நீங்க எழுதிக் குடுத்தபடிதான். நாலு தடவ." அடிபம்பை அடித்துக் காட்டினார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு!

"இங்கன போர்த் தண்ணி அப்படித்தான் சார் இருக்கும். பாத்திரம், துணி எல்லாம் இதுலதான் கழுவுதோம்."

உப்பிலுள்ள சோடியம் மணிகளில் ஏறி உட்கார்ந்து அவற்றின் அமிலத்தை வெளியேற்றிவிடும். மணி அதே கருப்பாக இருக்கும், வேலை மட்டும் செய்யாது. 'தண்ணீரில் கழுவவும்' என்று எழுதியவன் நான். என் வீட்டில் குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் வரும். வெட்கமாகப் போயிற்று. அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன்.

போன அமிலத்தை மணிகளில் திரும்ப ஏற்ற, பேட்டரி கடையில் அமிலம் வாங்கி, நீர்க்கச் செய்து, மணிகளை ஒரு மணி நேரம் ஊறவைத்தோம். இனி உப்பில்லாத தண்ணீரில் கழுவ வேண்டும். கடையில் பேட்டரித் தண்ணீர் தீர்ந்திருந்தது. நான் தயங்கிக்கொண்டிருக்கும்போதே ரீத்தா வீட்டிலிருந்து இருபது லிட்டர் கேனைத் தூக்கி வந்தார். காசு கொடுத்து வாங்கிய குடிதண்ணீர்.

"புள்ளைக குடிக்கறத ஊத்துதேன். ஏமாத்திராதீங்க சார்."

கழுவிய மணிகளை மெத்தனாலில் அலசி, ஒரு லிட்டர் எண்ணெயில் மெத்தனாலோடு சேர்த்து, அறுபது டிகிரி வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்கி மூன்று மணி நேரம் வைத்தோம். பிறகு மணிகளை வடித்துவிட்டுக் காரம். மாலை ஐந்தரைக்கு அடியில் கிளிசரின் இறங்கி, மேலே தேன் நிறத்தில் டீசல் தெளிந்து நின்றது.

"ஏளா, சோப்பு இல்ல!" என்று ஒருத்தி கத்தினாள். எனக்கும் கத்த வேண்டும்போல்தான் இருந்தது.

இதைச் செய்து பார்க்கக் கிளம்புபவர்களுக்கு: மெத்தனால் விஷம், சட்டென்று தீப்பிடிக்கும். கையுறை போடுங்கள், திறந்தவெளியில் செய்யுங்கள், அடுப்பை அண்டவிடாதீர்கள். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். முக்கியமாக, ஊருக்குச் செய்முறை எழுதுமுன் அந்த ஊர்த் தண்ணீரைப் பாருங்கள்.

நான் கிளம்பும்போது கேனில் ஒரு டம்ளர் தண்ணீர்தான் மிச்சம். ரீத்தா அதை ஊற்றி எனக்கு நீட்டினார்.

"குடிங்க சார். நாளைக்குப் பெரிய அண்டாவுல போடுதோம்."