கோட்டைக்கு மிக மிக அருகில்

பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தின் எல்லையிலிருந்து நூறு மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக் கூடாது. அதற்கு அப்பால் இருநூறு மீட்டர் வரை அனுமதி பெற்றுக் கட்டலாம். விதி இவ்வளவுதான். ஒரு அளவு நாடாவும் கொஞ்சம் நிதானமும் இருந்தால் தீர்ந்துவிடும். செஞ்சிக்குக் காபி குடிக்கப் போனவளுக்கு இந்த விதியோடு என்ன வேலை என்று கேட்டால், அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஓய்வு பெற்றபின் எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. அதிகம் பேர் அறியாத, படமெடுத்தால் அழகாக விழுகிற காபிக் கடைகளைத் தேடிப் போவேன். சென்னையில் இதுவரை முப்பத்தொரு கடை. அவற்றில் பாதியில் அதே செங்கல் சுவர், அதே பிளாஸ்டிக் கொடி, அதே மஞ்சள் விளக்கு. ஒரே ஒப்பந்தக்காரர் டெண்டர் எடுத்தமாதிரி இருக்கும். இப்படி அலுத்திருந்த நேரத்தில் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. ஒரு மொட்டைமாடி. சினிமாக் கொட்டகையின் மடக்கு நாற்காலிகள் ஒரு வரிசை. எதிரே, கைப்பிடிச் சுவரின்மேல் ஏறி உட்கார்ந்ததுபோல ராஜகிரிக் கோட்டை. படத்தின் கீழே 'செஞ்சி' என்ற ஒரு சொல் மட்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்க்கிழமை. காலை 6.10க்குக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினேன். திண்டிவனத்தில் மாறி, இருபத்தெட்டு கிலோமீட்டர் மேற்கே வந்து, 9.20க்குச் செஞ்சியில் இறங்கினேன். என் வயதை ஒத்த ஆட்டோக்காரர் ஒருவரிடம் படத்தைக் காட்டினேன்.

"மாடிக் காபியா? வளர்மதி கடை. ஏறுங்க மேடம், நூறு ரூபா."

"ரெண்டு கிலோமீட்டருக்கா?"

"தூரத்துக்கு மட்டும் இல்ல மேடம். வழில படம் எடுக்க எறங்குவீங்க, ஏறுவீங்க, மறுபடி எறங்குவீங்க. எல்லாம் சேத்துதான்."

அவர் பெயர் ஏழுமலை. சொன்னதுபோலவே நான்கு முறை இறங்கினேன். இறங்காமல் இருக்க முடியாது. ஊர் முடிந்ததும் வலப்பக்கம் கிருஷ்ணகிரி, இடப்பக்கம் ராஜகிரி. பாறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டிவிட்டு யாரோ பாதியில் போய்விட்டதுபோன்ற மலைகள். அவற்றின் இடைவெளிகளையெல்லாம் விடாமல் அடைத்தபடி ஏறிப் போகும் மதில். எந்தப் பொறியாளரும் இந்த இடத்துக்கு மதிப்பீடு தயாரித்திருக்க மாட்டார். தயாரித்தாலும் தணிக்கையில் நிறுத்தியிருப்பார்கள். நல்ல வேளை, கட்டியவர்களுக்குத் தணிக்கை இல்லை.

மணி 9.40. கடைப் பலகையில் பச்சை எழுத்தில்: 'மாடிக் காபி. கோட்டைக்கு மிக மிக அருகில்.' குறுகலான படி. மேலே நீலம் அடித்த சுவர், மூடிய கொட்டகை ஒன்றிலிருந்து வாங்கிய எட்டு நாற்காலிகள், முதுகில் C-9 முதல் C-16 வரை எண்கள். C-12இல் உட்கார்ந்தேன். கோட்டை ஒரு படம்போல எதிரே ஓடியது, இடைவேளை கிடையாது. பித்தளை டபராவில் காபி, முப்பது ரூபாய். முப்பத்தொரு கடைகளில் இருபத்தெட்டை அந்த முதல் மிடறு காலி செய்தது.

கடைக்காரர் வளர்மதிக்கு நாற்பது வயது இருக்கலாம். பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பம். அமாவாசைக்கு மேல்மலையனூர் போய்த் திரும்புகிறவர்கள் இங்கே வண்டியை நிறுத்துகிறார்களாம்.

மாடியில் ஒரு குறை கண்ணில் பட்டது. நான்கு மூலையிலும் மூங்கில் நின்றது. மேலே கூரை இல்லை.

"போன மழையில கீத்து பூரா பறந்துடுச்சு மேடம். ஷீட் போட அப்ளிகேஷன் குடுத்தேன். முடியாதுன்னுட்டாங்க. இந்த மழையும் இப்பிடியே போச்சுன்னா கடைய எறக்கிட்டு எங்க நைனா கடையில அரிசி மூட்டைக்கு நடுவுல போயி உக்கார வேண்டியதுதான்."

பழக்க தோஷம், கடிதத்தைக் காட்டச் சொன்னேன். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. முப்பத்துநான்கு ஆண்டுகள் நானும் அப்படி ஒன்றில்தான் இருந்தேன். இணைத்த புகைப்படத்தைப் பார்த்தால் கட்டடம் நூறு மீட்டர் எல்லைக்குள் இருப்பதாகத் தெரிகிறது, கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் தராவிட்டால் மனு முடிக்கப்படும் என்று இருந்தது.

"இது ரிஜெக்ட் பண்ணின லெட்டர் இல்லம்மா. அவங்களுக்கு ஒரு சந்தேகம், கேட்டிருக்காங்க. எப்ப வந்துது?"

"பன்னெண்டு நாளு இருக்கும்."

"அப்ப மூணு நாள் இருக்கு. எந்த போட்டோ வச்சீங்க?"

அவர் கைப்பேசியை நீட்டினார். என்னைச் சென்னையிலிருந்து இழுத்து வந்த அதே படம்.

"கஸ்டமர் ஒருத்தர் எடுத்தது மேடம். இருக்கிறதுலயே அழகா இருக்குதேன்னு அதையே வச்சிட்டேன்."

தொலைவிலிருந்து லென்ஸை நீட்டி எடுத்த படம். நடுவிலுள்ள நிலத்தை அப்படியே விழுங்கிவிட்டு, மதிலைக் கொண்டுவந்து மாடியில் ஒட்டியிருந்தது. மூலையில் பலகையும் தெளிவாகத் தெரிந்தது: மிக மிக அருகில். கோப்பைப் பார்த்த எழுத்தர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நானும் அதையேதான் எழுதியிருப்பேன்.

"யம்மா வளரு, ஊரையே கூப்ட்டு கோட்டை ஒன் மாடியிலதான் இருக்குதுன்னு சொன்ன. கவர்மெண்டு நம்பிடுச்சு" என்றார் ஏழுமலை. கிளம்பாமல், C-15இல் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா நீ வேற. நானே டென்ஷன்ல இருக்கிறேன்."

மணி 10.30. கொத்தனார் வீட்டிலிருந்து முப்பது மீட்டர் நாடா வந்தது. எல்லைக் கம்பிவேலியில் ஒரு முனையை ஏழுமலை பிடித்தார், மறுமுனையை வளர்மதி. நான் சுண்ணாம்புக் கட்டியால் சாலை ஓரத்தில் கோடு போட்டு எண்ணினேன். பஞ்சர் கடை, மல்லாட்டை என்று இங்கே சொல்கிற வேர்க்கடலைக் கொல்லை, ஒரு போர் செட் என்று ஒவ்வொன்றாகக் கடந்தோம். நான்காவது நாடா முடிந்தபோது வளர்மதி நின்றுவிட்டார்.

"நூறு தாண்டிட்டுதா மேடம்?"

"தாண்டிடுச்சு. நிக்காம வாங்க."

ஆறு முழு நாடா, அதற்குமேல் ஏழு மீட்டர். கடைச் சுவர் வந்தது. நூற்று எண்பத்தேழு. சந்தேகத்துக்காகத் திரும்ப ஒருமுறை அளந்தோம், அதேதான். வளர்மதி நாடாவைச் சுற்றிச் சுற்றி, முழுதும் சுற்றி முடித்த பிறகும் கையில் வைத்திருந்தார்.

நாங்கள் அளந்தது மட்டும் கோப்புக்குப் போதாது. பஜாரில் ஒரு பிரவுசிங் சென்டரில் சர்வே எண்ணைக் கொடுத்து, நிலத்தின் அரசு வரைபடத்தை அச்செடுத்தோம். அத்துடன் ஒரு படமும் வேண்டும். கொல்லையில் இறங்கி, பக்கவாட்டில் நின்று எடுத்தேன். ஒரு ஓரத்தில் மதில், மறு ஓரத்தில் கடை, நடுவில் மின்கம்பம், போர் செட், கேட்பாரற்ற பரந்த இடைவெளி. நான் எடுத்த படங்களிலேயே மிக அசிங்கமானது.

"இதுவா மேடம்? கடையே தெரியலயே" என்றார் வளர்மதி.

"தூரம் தெரியுதில்ல? அது போதும்."

'பார்வை' என்று தொடங்கி, கடித எண், தேதி, அளவு, வரைபடம், படம் என மூன்று இணைப்புகள் என்று விளக்கத்தை நான் சொல்ல, அவர் எழுதிக் கையொப்பமிட்டார். 3.15க்கு ஸ்பீடு போஸ்டில் சேர்த்தோம். ரசீதை நான் சொல்லாமலே படம் எடுத்து வைத்துக்கொண்டார், கற்றுக்கொள்கிறவர்.

பஸ் நிலையத்தில் ஏழுமலையிடம் முன்னூறு ரூபாய் நீட்டினேன். நூறை மட்டும் எடுத்துக்கொண்டார். "ஏறி எறங்குறது எல்லாம் சேத்துதான்னு சொன்னேனே."

சென்னைக்கு வந்து அடுத்த வாரமே முப்பத்திரண்டாவது கடைக்குப் போனேன். காபி இருநூற்று நாற்பது ரூபாய். ஜன்னல் வழியே எதிர்க் கட்டடத்தின் ஏசி இயந்திரங்கள் தெரிந்தன. கேமராவை வெளியே எடுக்கவில்லை.

பிறகு ஒரு நாள் வளர்மதியிடமிருந்து இரண்டு படங்கள் வந்தன. ஒன்றில் C-12 நாற்காலிமேல் அனுமதிக் கடிதம். மற்றொன்றில் பலகை, பழைய வரியை அழித்துப் புதிதாக எழுதியிருந்தார்: 'கோட்டையிலிருந்து 187 மீட்டர்.' கடிதத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். சென்னை அலுவலகம், கையொப்பம் செப்டம்பர் 18. நான் மூன்றரை மணி நேரத்தில் போன வழியை அது இருபத்திரண்டு நாளில் கடந்து, மழைக்கு முன்னால் மாடி ஏறியிருந்தது: அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை.