கிராணியார் வீட்டு பீட்டா பெட்டி

ஈப்போவில் கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கிற ஜெயபாலனுக்குக் காதல் வந்ததில் யாருக்கும் வருத்தமில்லை. வந்ததுதான் வந்தது, கிராணி சதாசிவம் வீட்டிலா வர வேண்டும்?

அந்த மனுசன் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பேரேடு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றாயிற்று, துரைமாரும் கப்பலேறிப் போயாயிற்று. இவர் மட்டும் வெள்ளைக் காலுறையை முழங்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டுதான் பாசாருக்கு மீன் வாங்கப் போவார். ஊரிலேயே முதலில் வீடியோ பெட்டி வாங்கியவரும் அவர்தான். வாங்கியது பீட்டா. பிறகு வாங்கியவர்கள் எல்லாரும் வி.எச்.எஸ். பக்கம் போய்விட்டார்கள். பீட்டா கேசட் சின்னது, வி.எச்.எஸ். பெரிசு. ஒன்றுக்கான கேசட் மற்றதன் வாயில் நுழையாது. எண்பத்தாறில் ஈப்போ கடைகளில் போய் பீட்டா கேட்டால், “அதெல்லாம் செத்துப் போச்சுலா, அண்ணே” என்று சிரித்தார்கள். கிராணியார் அசருவாரா?

“படம்னா பீட்டாய்யா! மத்ததெல்லாம் கழனித்தண்ணி” என்பார்.

அவருடைய மூத்த மகள் நல்லம்மாள் கல்யாணத்துக்குப் படம் எடுத்தது ஜெயபாலன். அவனிடம் இருந்தது வி.எச்.எஸ். கேமரா. தாலி கட்டுகிற நேரத்தில்கூட அந்தக் கேமரா ஒரு தரம் கல்யாணப்பெண்ணின் தங்கச்சி மங்களம் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மணவறைக்குத் திரும்பியது. மங்களமும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. படம் நல்லபடியாக அமைந்தால், அந்தக் கையோடு அக்காவை அழைத்துப் போய்ப் பெண் கேட்டுவிடுவது என்று பையன் முடிவு கட்டிவிட்டான்.

கல்யாணம் முடிந்ததும் கிராணியார் கட்டளை போட்டார்.

“தம்பி, எனக்கு பீட்டாவுலதான் வேணும். படம் கண்ணாடி மாதிரி இருக்கணும். முடியாதுன்னா சொல்லிடு, எனக்குப் படமே வேணாம்.”

முடியாது என்று சொல்வான் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். காதல் பிடித்தவன் எந்த ஊரில் முடியாது என்று சொல்லியிருக்கிறான்?

ஜெயபாலன் ஈப்போ முழுக்க அலைந்தான். கடைசியில் தைப்பிங்கில் படக் கேசட் வாடகைக்கு விடுகிற லியாகத் அலி பாயிடம் பதிவு செய்கிற பீட்டா பெட்டி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, மழையோடு மழையாக மோட்டார் சைக்கிளில் போனான். நகலிலிருந்து நகல் எடுத்தால் முகமெல்லாம் கரைந்து போகும் என்பதால், கேமராவில் இருந்த மூலக் கேசட்டையே சட்டைக்குள் வைத்து எடுத்துப் போயிருந்தான். புதுக் கேசட், புது வயர். பெட்டிக்குள் படம் படிக்கிற தலையைத் துடைத்தான், படத் தடத்தைச் சரி பண்ணினான். பாய் படத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, “மச்சான், பொண்ணு மூக்குத்திக் கல்லுகூடத் தெரியுதுய்யா!” என்றார். ஜெயபாலனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிராணியார் வீட்டு ஹாலில் சம்பந்தி வீட்டார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கேசட்டைப் பார்த்ததும் கிராணியார் முகம் செத்துப் போனது. “இன்னொரு நாளைக்குப் பார்ப்போமே” என்று இழுத்தார். சம்பந்தியம்மா விடவில்லை. பெட்டியைப் போர்த்தியிருந்த பூப்போட்ட துணியை விலக்கி, ஜெயபாலன் கேசட்டை உள்ளே தள்ளினான். பெட்டி ஒரு முனகல் முனகியது, ஏதோ அரைத்தது, கேசட்டை வெளியே துப்பியது. டிவியில் வெறும் பூச்சி பறந்தது.

கேசட்டை எடுத்துப் பார்த்த ஜெயபாலனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விளிம்பெல்லாம் குங்குமம்! உள்ளேயும் சந்தனம் காய்ந்து கட்டி தட்டியிருந்தது. போன ஆயுத பூசைக்குக் கிராணியார் பெட்டிக்குப் பொட்டு வைத்திருக்கிறார். வெளியே வைத்தால் சாமிக்குத் தெரியாது என்று வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறார், மகானுபாவர்! அன்றைக்கே பெட்டி பழுது, ரோசாக். அதன் பிறகு அது அந்த வீட்டில் ஓடவே இல்லை. துணி மட்டும் வாராவாரம் மாறியது.

“என்னய்யா கேசட் இது?” என்று கிராணியார் சத்தம் போட்டார். சத்தம்தான் பெரிசு, கண் கெஞ்சியது.

பெட்டியைக் குற்றம் சொன்னால் சம்பந்திகள் முன்னால் அந்த மனுசனின் மானம் போகும், மங்களமும் கை நழுவிப் போவாள். கேசட்டைக் குற்றம் சொன்னால் தன் தொழில் பெயர் நாறும். ஜெயபாலன் குங்குமத்தைக் கட்டைவிரலால் துடைத்துக் கால்சட்டையில் தடவிக்கொண்டான்.

“என் தப்புதாங்கய்யா. பதிவு சரியா விழல.”

சம்பந்தியம்மா உச்சுக் கொட்டினாள். சமையலறை வாசலில் நின்ற மங்களம் அவன் கால்சட்டையில் இருந்த சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் அக்கா இருளாயியைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்கப் போனான். காப்பாற்றியவனைக் கைவிடமாட்டார் என்று நம்பிக்கை. கிராணியார் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எப்படிம்மா குடுக்கறது? ஒரு கேசட் ஒழுங்காப் போடத் தெரியல. நான் சொல்லல, உன் தம்பியே நாலு பேரு முன்னால ஒத்துக்கிட்டானே!”

ஜெயபாலன் பெட்டியைத் திரும்பிப் பார்த்தான். ஏறவிட்டு ஏணியை எடுக்கிறது என்றால் இதுதானே?

அப்போது மங்களம் கோப்பித் தட்டோடு வந்தாள். தட்டை மேசையில் வைத்துவிட்டு நேரே பெட்டியிடம் போனாள். துணியை உருவிக் கீழே போட்டாள், வாய்க்குள் விரலை விட்டாள், சிவப்பாக வெளியே எடுத்தாள். அதை அப்பா மூக்குக்கு நேராக நீட்டினாள்.

“அப்பா, அன்னிக்கு இவரு துடைச்சது போக மிச்சம் இதுல இருக்கு. சம்பந்தி வீட்டுக்குப் போய்க் காட்டிட்டு வரட்டா? இல்ல, இவரு மாப்பிள்ளையாகி, இவரு பொய்யே நம்ம வீட்டுல மெய்யா இருக்கட்டுமா?”

இருளாயிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோப்பியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். கிராணியார் விரலைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கடைசியில் ஜெயபாலனைப் பார்த்தார்.

“இவங்க கல்யாணப் படத்தை வி.எச்.எஸ்.-லயே எடுக்கச் சொல்லுங்க” என்றார்.