காக்ஸ் டவுனிலிருந்து பன்னேர்கட்டா சாலைக்கு: மடியில் ஒரு குளிர்பெட்டி

சென்ற செவ்வாய்க்கிழமை காலை இந்தப் பயணம் போனேன். குடல் தொற்றுக்கு வாய்வழியாகக் கொடுக்கும் ஒரு தடுப்பு மருந்தை வயதானவர்களிடம் ஆராய்கிறார்கள். நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். மருந்தைக் குடித்தாகிவிட்டது. அது வேலை செய்கிறதா என்பதை ரத்தம் மட்டும் சொல்லிவிடாதாம். குடலின் உட்சுவரே எதிர்ப்புப் பொருளைச் சுரக்கும். அது மலத்தில்தான் தெரியும். ஆகவே மாதிரியை நாமே எடுத்து, சில்லென்று இருக்கும்போதே ஆராய்ச்சி மையத்தில் சேர்க்க வேண்டும். கன்னியாஸ்திரிகளிடம் படித்த நான் இதை எழுதுவதே பெரிய விஷயம்.

ஏழே காலுக்கு ஆட்டோ. சுமார் பதினோரு கிலோமீட்டர், 280 ரூபாய். ஓட்டுநர் ஈஜிபுராக்காரர்.

"டப்பாவ கீழ வைங்கம்மா. பிரியாணியா?"

"இல்லப்பா."

"அப்போ கேக்கு. காக்ஸ் டவுன் பேக்கரின்னாலே கேக்குதான்."

"ரோட்டைப் பாருங்க."

ரிச்மண்ட் சாலை நெரிசலில் வெகுநேரம் நின்றோம். பெட்டிக்குள் ஐஸ் இளகுவது கைக்குத் தெரிந்தது. சூடேறினால் மாதிரி வீண். ஆடுகோடியில் அவர் கேஸ் பங்க் பக்கம் வண்டியைத் திருப்பினார். நீண்ட வரிசை.

"அஞ்சே நிமிஷம்மா."

வேறு வழியில்லை. "தம்பி, இதுல இருக்கறது என்னோட மோஷன். மருந்து ஆராய்ச்சிக்கு. சூடானா கெட்டுடும்."

திரும்பிப் பார்த்தார். "அய்யய்யோ, கேக்குன்னு சொல்லிட்டேனேம்மா!"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். வண்டி வரிசையை விட்டு வெளியே வந்தது.

"என்ன மருந்தும்மா?"

சொன்னேன். அவர் வண்டியை வேகப்படுத்தினார். "போன மழைல தண்ணி கெட்டுப்போயி, என் சின்னவளுக்கு ரெண்டு நாள் டிரிப் ஏத்துனாங்க. இப்போ நல்லா இருக்கா."

"என் மூத்தவ ஸ்டெல்லா," என்றேன். "ஒன்றரை வயசு. பேதிலதான் போனா."

கணவர் போனபின் அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். பள்ளம் வந்த இடத்தில் அவர் வேகத்தைக் குறைத்து, "டப்பாவ கெட்டியா பிடிச்சுக்கோங்கம்மா," என்றார்.

மையத்தில் நர்ஸ் பெட்டியின் வெப்பமானியைப் பார்த்துத் தலையாட்டினாள். வெளியே வந்தால் ஆட்டோ அங்கேயே நின்றது.

"பாஸாம்மா?"

"பாஸ்."

இப்படிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஏழு மணிக்கு முன்பே கிளம்புங்கள். ஐஸ் பொட்டலம் ஒன்று கூடுதலாக வையுங்கள். பெட்டியில் என்ன இருக்கிறது என்பதை ஏறும்போதே சொல்லிவிடுங்கள். நான் ஆடுகோடி வரை கௌரவம் பார்த்தேன். ஸ்டெல்லாவுக்காகப் போகிற பயணம் அங்கேயே வீணாகியிருக்கும்.