தோற்கட்டும் என்று வேண்டிக்கொண்டவள்

அன்று மாலை எங்கள் நார்வே ஊரான ஹால்டனின் தெருக்களில் ஈ காக்கை இல்லை. பெண்கள் ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம், அதுவும் நார்வேக்கும் ஸ்வீடனுக்கும். எல்லைப் பாலத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊருக்கு இதைவிடப் பெரிய திருவிழா என்ன வேண்டும்? வாராவாரம் பாலம் தாண்டிப் போய் ஸ்வீடன்காரன் கடையில் மலிவாகப் பன்றிக்கறி வாங்கி வருவோம். வந்து உட்கார்ந்து, அதைத் தின்றுகொண்டே அவனைத் திட்டுவோம். அப்படிப்பட்ட ஊர் எங்களுடையது.

எங்கள் தெருவின் ஒரே ஸ்வீடன்காரி குனில்லா. எங்கள் ஊர் அர்வித்தைக் கட்டிக்கொண்டு இளம் வயதில் இங்கே வந்தவள். பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்ததால் ஊரில் பாதிப் பேரின் வாய்க்குள் எட்டிப் பார்த்திருக்கிறாள். பெண்கள் பந்து உதைத்தால் ஆண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த காலத்தில் இந்த ஊர் அணிக்காகச் சேற்றில் புரண்டு ஆடியவள் அவள். பக்கத்து வீட்டு சிக்ரூனும் அதே அணிதான். இருவரும் மைதானத்தில் சேர்ந்து ஆடிவிட்டு, வீடு வரும் வழியெல்லாம் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டை நின்று இப்போது ஒரு வருடம் ஆகப்போகிறது.

போன இலையுதிர் காலத்தில் அர்வித் போய்ச் சேர்ந்தான். அடக்கத்துக்குத் தெருவே வந்தது. காபி குடித்தார்கள், கையைப் பிடித்து அழுத்தினார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. எங்கள் ஆட்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. துக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது, நிம்மதியாக விட வேண்டும், அவர்களாக அழைத்தால் போக வேண்டும். எங்களுக்குத் தெரிந்த மரியாதை அவ்வளவுதான். அந்த மரியாதையைத் தூக்கி உடைப்பில் போட வேண்டும் என்று எனக்குப் பல முறை தோன்றியிருக்கிறது.

பனிக்காலம் முழுக்க, குனில்லா எழுந்திருக்கும் முன்பே அவள் வாசல் பனியை யாரோ வாரி ஒதுக்கியிருப்பார்கள். சிக்ரூனின் புருஷன் ஓட்வார்தான், வேறு யார்? ஒரு நாள் அவனைப் பிடித்து ஒரு வாய் காபி கொடுத்துவிடலாம் என்று இருட்டோடு எழுந்து காத்திருந்தாள். அதற்கு முன்பே வந்து வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தான். மணி அடித்தால் அவள் தூக்கம் கெட்டுவிடுமாம். தூக்கம் எங்கே வந்தது அவளுக்கு! அர்வித்துக்காகத்தான் இத்தனை வருஷம் தன்னைச் சகித்துக்கொண்டார்கள் என்று அன்றைக்கு அவள் முடிவு கட்டிக்கொண்டாள். நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல், சாயங்காலம் இருமும்போது தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டிருக்கிறாள்.

அதனால்தான் இந்த ஆட்டத்தை அவள் நாள் எண்ணிக் காத்திருந்தாள். நார்வே ஜெயித்த நாளெல்லாம் அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் சட்டியைத் தட்டிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். "எங்கடி போனாங்க உங்க மஞ்சச் சட்டைக்காரிங்க? பாலத்தைத் தாண்டி ஓடிட்டாளுங்களா?" என்று சிக்ரூன் கத்துவாள். ஸ்வீடன் ஜெயித்தால் அர்வித்தான் வெட்கமில்லாமல் கேலி பண்ண இவளைக் கையைப் பிடித்து அவர்கள் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போவான். இனி இழுத்துப் போக ஆள் இல்லை. ஆகவே யாராவது வர வேண்டுமானால் நார்வே ஜெயிக்க வேண்டும்.

பிறந்த நாடு தோற்க வேண்டும் என்று நினைக்க அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் நினைத்தாள். வாஃபிள் அப்பம் சுட்டு, பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவி வைத்து, கோப்பை மூன்றை மேஜையில் எடுத்து வைத்தாள்.

முதல் பாதியிலேயே நார்வே கோல் போட்டது. தெரு முழுக்க ஒரே கூச்சல். வேலிக்கு அந்தப் பக்கம் ஓட்வார் எருது மாதிரி முக்காரமிட்டான். குனில்லாவுக்கு உடம்பு லேசானது. முடி கலைந்திருக்கிறதா என்று கண்ணாடியில் கூடப் பார்த்துக்கொண்டாள்.

ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் ஸ்வீடன் பதிலுக்குப் போட்டது. அவளையறியாமல் துள்ளி எழுந்தவள், எழுந்த வேகத்தில் உட்கார்ந்தாள். கூடுதல் நேரத்திலும் முடிவு இல்லை. கடைசியில் பெனால்டி. நார்வேப் பெண் ஒருத்தி அடித்த பந்து கம்பத்துக்கு மேலே போனது. இனி ஸ்வீடன் பெண் ஒருத்தி உள்ளே போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது. இருபது வயதுதான் இருக்கும் அவளுக்கு. "தவற விட்டுடு கண்ணு," என்று குனில்லா திரையைப் பார்த்துக் கெஞ்சினாள். "உனக்கு இன்னும் எத்தனையோ ஆட்டம் இருக்கு. இந்த ஒண்ணை விட்டுடு."

அந்தப் பெண் விடவில்லை. பந்து வலையில் விழுந்தது.

தெரு செத்துப்போன மாதிரி ஆனது. தோட்டங்களில் நாற்காலிகளை மடக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டார்கள். திரையில் மஞ்சள் சட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரண்டன. குனில்லா தன் வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். காபி ஆறிப்போனது. வாஃபிள் தோல் மாதிரி விறைத்தது. கோப்பைகளைத் திரும்ப அலமாரியில் வைக்கப் போனவள், அப்படியே நின்றாள். இதை எடுத்து வைத்துவிட்டால் அடுத்த பனிக்காலமும் இப்படியேதான் போகும் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பயமாக இருந்தது. கோப்பைகளை மேஜையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்து, பக்கத்து வீட்டு மணியை அடித்தாள்.

கதவைத் திறந்த சிக்ரூனின் கண் சிவந்திருந்தது. "குனில்லா? என்னாச்சு? உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கென்ன. கேலி பண்ண வந்திருக்கேன்."

"இன்னைக்கா?"

"ஜெயிச்ச அன்னைக்குத்தானே பண்ண முடியும்? அப்படி உதைச்சா கோலுக்கா போகும், குருவிக் கூட்டுக்குத்தான் போகும். நான் உங்களோட ஆடும்போதும் இதே லட்சணம்தான்." குரல் தடுமாறிவிட்டது. மேற்கொண்டு கேலி வரவில்லை.

சிக்ரூன் அவளையே பார்த்தாள். "நாங்க உன்னை நிம்மதியா இருக்க விடணும்னுதான்..."

"விட்டீங்க. நல்லாவே விட்டீங்க. செத்துடலாம்போல இருந்துச்சுடி, அவ்வளவு நிம்மதி."

 சிக்ரூன் கதவை அகலத் திறந்து ஒதுங்கி நின்றாள்.

"உள்ள வா. ஓட்வார் சோபாவுல படுத்து அழுதுட்டிருக்கான். முதல்ல அவன்கிட்ட ஆரம்பி."