மாப்பிள்ளைக்குப் போட்ட வாட்ச்

வேதாந்தம் மாமாவைக் கூட்டிக்கொண்டு போகாமல் எங்கள் காம்பவுண்டில் யாரும் ஒரு மிக்ஸிகூட வாங்கியது கிடையாது. மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில், பல குடித்தனங்கள் ஒரே அடிபம்பை நம்பி வாழ்ந்த வீடு அது. கீழ்ப் போர்ஷனில் மாமா, ஜானு மாமி, அவர்களுடைய ஒரே பெண் மாளவிகா. மாடியில் நாங்கள். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம் என்று என் கணவர் சொல்வார். இந்தக் கதையைச் சொல்லும்போது அது குறையப் போவதில்லை.

மாமாவுக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை. வெளியிலிருந்து வரும் உதிரி பாகங்களை அளந்து, தட்டி, உருட்டிப் பார்த்து எடுத்துக்கொள்வது அவர் பொறுப்பு. சரியில்லாததன் மேல் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு பொட்டு வைப்பார். பொட்டு வைத்தால் திரும்பிப் போக வேண்டியதுதான். ஒரு தடவை முதலாளியின் மைத்துனர் அனுப்பிய சரக்குக்கே பொட்டு வைத்துவிட்டார். அதற்கப்புறம் அவருக்குப் பிரமோஷன் என்ற பேச்சே எழவில்லை. அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. மாமிக்கு இருந்தது.

கடைக்குப் போனாலும் அதே கதைதான். குக்கர் கேஸ்கட்டை மோந்து பார்ப்பார். பல்பைக் கடையிலேயே எரியவிட்டு அதன் கீழே நின்றுகொண்டிருப்பார். எனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கப் பாண்டி பஜார் பிளாட்பாரத்துக்கு அவரோடு போயிருந்தேன். ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கேட்பதும், வெளிச்சத்தில் திருப்புவதும், கீழே வைப்பதுமாக இருந்தார். கடைக்காரனுக்குப் பொறுமை போய்விட்டது.

“இன்னா நைனா, வாட்ச்சு வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?” என்றான்.

“பொண்ணுன்னா இவ்வளவு பாக்க மாட்டேம்ப்பா” என்றார் மாமா. கடைக்காரனே சிரித்துவிட்டான். அன்று எதையும் வாங்காமல்தான் திரும்பினோம். பிறகு ஒரு பெரிய கடையில், ரசீதோடு, சாதாரண பேட்டரி வாட்ச் ஒன்றை எனக்கு எடுத்துக் கொடுத்தார். அது இன்னும் ஓடுகிறது.

தொண்ணூற்றொன்பதில் மாளவிகாவுக்கு வரன் அமைந்தது. பையன் பெயர் பரத்வாஜ், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அடையாறு காந்தி நகரில் சொந்த வீடு. அண்ணன் குருபிரசாத் அமெரிக்காவில். மாமாவின் சம்பளத்துக்கு எட்டாத இடம் என்று எல்லோருக்கும் தெரியும். மாளவிகாவின் நிறத்தைப் பார்த்து, அவள் பாட்டைக் கேட்டு அவர்களாகவே இறங்கி வந்தார்கள். இறங்கி வந்ததை அவர்கள் ஒருநாளும் மறக்கவில்லை, மாமாவையும் மறக்க விடவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ஜானவாசம். மாப்பிள்ளையைக் காரில் ஊர்வலமாகக் கூட்டிவருவதற்கு முன்னால் பெண்ணின் அப்பா அவனுக்கு சூட்டு, ஷூ, வாட்ச் எல்லாம் போட்டுவிட வேண்டும். அதைப் பற்றிப் பேச சம்பந்தி வந்திருந்தபோது பஜ்ஜித் தட்டோடு நானும் கூடத்தில் இருந்தேன்.

“சூட்டும் ஷூவும் உங்க இஷ்டம்” என்றார் சம்பந்தி. “வாட்ச்சை மட்டும் நாங்க பாத்துக்கறோம். சுவிஸ் வாட்ச் ஒண்ணு, ஆட்டோமேடிக். குரு அங்க இன்டர்நெட்ல பாத்து வெச்சிருக்கான். கடைக்கே போக வேண்டாமாம். ஏலம் மாதிரி, ஆத்துலேர்ந்தே வாங்கிடலாமாம். நீங்க பணத்தைக் குடுத்துடுங்கோ. வாட்ச் வந்ததும் உங்காத்துல கொண்டு வந்து தரேன். மாப்பிள்ளை கையில நீங்க போட்டாத்தானே முறை.”

“விக்கறவன் யாரு?” என்று கேட்டார் மாமா.

“யாரோ ஒருத்தன். போட்டோ போட்டிருக்கான். வாங்கினவா எல்லாம் அவனைப் பத்தி நல்லதாத்தான் எழுதியிருக்காளாம்.”

மாமா மேலே ஏதோ கேட்க வாயெடுத்தார். மாமி பஜ்ஜியை அவர் தட்டில் வைத்து அழுத்தினாள். அவர் பேசாமல் சாப்பிட்டார். சம்பந்தி போனதும் மாடிக்கு வந்து என்னிடம் புலம்பினார்.

“ஏம்மா சுலோச்சனா, தொடாம, காதுல வெச்சுக் கேக்காம, விக்கறவன் மூஞ்சியைக்கூடப் பாக்காம எப்படிம்மா வாங்கறது? போட்டோவுல முள்ளு ஓடுமோ?”

மாமா கொடுத்த பணத்தில், கல்யாணத்துக்கு முந்தின வாரம் வாட்ச் வந்தது. சம்பந்தியே நேரில் கொண்டு வந்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். வெல்வெட் வைத்த பெட்டி, உள்ளே பொன்னெழுத்தில் ஒரு சர்டிபிகேட். அன்று சாயங்காலமே மாமா பெட்டியோடு மாடி ஏறி வந்தார். அவர் முகம் சரியில்லை.

“உன் வாட்ச்சைக் கொண்டா” என்றார்.

கொண்டுவந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“இது ஆட்டோமேடிக். பேட்டரி கிடையாது. கை ஆடறதுலேயே சாவி ஏறிக்கும். அப்படீன்னா வினாடி முள்ளு எப்படிப் போகணும் தெரியுமோ? நிக்காம, வழுக்கிண்டே போகணும். இதைப் பாரு.”

பார்த்தேன். வினாடி முள் ஒரு கோடு தாண்டி நின்றது. மறுபடி ஒரு கோடு தாண்டி நின்றது. என்னுடைய பேட்டரி வாட்ச்சில் எப்படியோ அப்படியே. இரண்டும் சேர்ந்து தத்தித் தத்திப் போயின.

“உள்ள ஏதோ சாதாரண பேட்டரி மிஷினைப் போட்டு மூடியிருக்கான். குரு நன்னா ஏமாந்திருக்கான்” என்றார் மாமா. “இப்பவே போய்ச் சொல்லிடறேன். வித்தவன்கிட்ட திருப்பி அனுப்பட்டும்.”

அவர் பின்னாலேயே மாமி ஏறி வந்திருந்தாள். வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். மாமி சத்தமே போடாத மனுஷி. அன்றும் போடவில்லை.

“என்னன்னு சொல்லுவேள்? உங்க பிள்ளை அசடு, ஏமாந்துட்டான்னா? இல்லை, எங்க பணத்தை வாங்கிண்டு டூப்ளிகேட்டைக் குடுத்துட்டேள்னா? நீங்க எப்படிச் சொன்னாலும் அவா காதுல ரெண்டாவதுதான் விழும். சம்பந்தி தாம்பாளத்துல வெச்சுக் குடுத்த சாமானைச் சோதிச்சுப் பாத்தேன்னு வேற சொல்லணும். உங்களுக்கு மானம் இருக்கா? நாளைக்கு அந்தாத்துல வாழப்போறது நீங்களா, மாளுவா?”

“பொய்ச் சாமானை எப்படி ஜானு என் கையால போடறது?”

“போடுங்கோ. ஓடறவரைக்கும் ஓடட்டும்.”

மாமா என்னைப் பார்த்தார். சொல்லிவிடுங்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது, சொல்லவும் சொன்னேன். மாமி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள். முதலாளி மைத்துனன் சரக்குக்குப் பொட்டு வைத்த மனுஷன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினார்.

ஜானவாசத்தன்று நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நாதஸ்வரம் காதைத் துளைத்தது. மாமா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து வாட்ச்சைக் கட்டினார். கட்டி முடித்த பிறகும் கையை விடாமல் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கை மேல் எவ்வளவு ஆசையோ என்று பின்னாலிருந்து யாரோ கேலி செய்தார்கள். அவர் எதைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியும்.

நவராத்திரி முடிந்த கையோடு வாட்ச் நின்றுபோயிற்று. பரத்வாஜ் அதைத் தி.நகரில் ஒரு கடைக்கு எடுத்துப் போயிருக்கிறான். கழற்றிப் பார்த்துவிட்டுக் கடைக்காரர்கள் சிரித்திருக்கிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி மயிலாப்பூருக்கு வந்தார். நான் முற்றத்தில் பம்பு அடித்துக்கொண்டிருந்தேன். கதவை மூடிக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நாலு பேர் கேட்கட்டும் என்றே வந்திருப்பார்.

“நான் ஒண்ணும் சொல்ல வரலை” என்றுதான் ஆரம்பித்தார். “குரு வாங்கினது ஒரிஜினல். சர்டிபிகேட்டே இருக்கு.”

“சர்டிபிகேட்டையும்தானே சேத்து அடிச்சிருப்பான்” என்றார் மாமா.

“பாத்தேளா? இந்த வித்தையெல்லாம் உங்களுக்குத்தான் தெரியறது. எங்களுக்கெல்லாம் டூப்ளிகேட் எது, ஒரிஜினல் எதுன்னு என்ன தெரியும்? மெட்ராஸ்ல உங்களை விட்டா அதைக் கண்டுபிடிக்க ஆளே இல்லேன்னு உங்க காம்பவுண்டுலயே சொல்றா. அந்த வாட்ச் எங்காத்துலேர்ந்து உங்காத்துக்கு வந்தது. ஒரு வாரம் இங்க இருந்தது. அப்பறம் எங்க பையன் கைக்கு வந்தது. நான் அவ்வளவுதான் சொல்றேன்.”

மாமாவுக்குப் புரிய கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் அவர் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தார். உண்மையைச் சொன்னார்.

“எனக்கு அது வந்த அன்னிக்கே தெரியும். முள்ளு ஓடறதைப் பாத்தே தெரிஞ்சுண்டேன்.”

“தெரிஞ்சுமா என் பிள்ளை கையில கட்டினேள்?”

சொன்னாலும் குற்றம், சொல்லாததும் குற்றம். பம்பை விட்டுவிட்டு நான் உள்ளே போனேன். நானும் அன்று பார்த்தேன், மாமா அதை மாற்றவில்லை என்றேன். சம்பந்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஆத்து விஷயத்தை மாடி வரைக்கும் பேசியிருக்கேள்” என்று மாமாவிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். அந்த ஆளை அங்கேயே பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது எனக்கு.

தீபாவளி நெருங்கியது. மாளவிகாவுக்கும் பரத்வாஜுக்கும் அது தலை தீபாவளி. பெண்ணும் மாப்பிள்ளையும் மாமனார் வீட்டுக்கு வந்து எண்ணெய் தேய்த்துக்கொள்ள வேண்டும். நானும் மாமியும் அடுப்படியில் லேகியம் கிளறிக்கொண்டிருந்தபோது மாளவிகா வந்தாள். தனியாக வந்தாள். கையில் பெரிய பெட்டி. பண்டிகைக்கு வருகிற பெண்ணுக்கு அவ்வளவு பெரிய பெட்டி எதற்கு என்று மாமியின் முகம் வெளுத்தது.

மாளவிகா கூடத்திலேயே அப்பாவின் எதிரே உட்கார்ந்தாள். அவள் பேசியதெல்லாம் எங்களுக்குக் கேட்டது.

“அப்பா, தப்பு நடந்துடுத்துன்னு நீங்க ஒரு வார்த்தை ஒப்புண்டா மறந்துடறேங்கறா. இல்லேன்னா அவர் தீபாவளிக்கு வரமாட்டாராம். என்னையும் இங்கயே இருந்துக்கோன்னுட்டா.”

மாமா அவளுடைய பெட்டியைப் பார்த்தார்.

“நீங்க மாத்தலையேப்பா?”

மாமி கரண்டியை நிறுத்தினாள். லேகியம் அடிப்பிடிக்க ஆரம்பித்தது.

“நீ என்னம்மா நினைக்கறே?” என்று கேட்டார் மாமா.

மாளவிகா வளையலை உருட்டிக்கொண்டிருந்தாள். இல்லைப்பா என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரமாகும்? நான் எழுந்தேன். மாமி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடி அவ்வளவு வலுவாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

“மாத்திட்டேன்மா” என்றார் மாமா. “கல்யாணச் செலவு கையைக் கடிச்சது. வேற வழி தெரியலை.”

அவள் திடுக்கிடுவாள், நம்ப மாட்டாள், அப்பா நீங்களா என்று கேட்பாள் என்றெல்லாம் நான் காத்துக்கொண்டிருந்தேன். அவள் பெருமூச்சுதான் விட்டாள். பாரம் இறங்கின பெருமூச்சு.

“அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா” என்றாள். “சரி, நான் அவாகிட்ட பேசிக்கறேன்.”

அவள் போன் பண்ண எஸ்.டி.டி. பூத்துக்குக் கிளம்பியதும் மாமா அடுப்படி வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்துக் கை கூப்பினார். ஒன்றும் சொல்லிவிடாதே என்று அர்த்தம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைத் திட்டினேன், மாமியைத் திட்டினேன், அந்தப் பெண்ணையும் திட்டினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, “லேகியம் தீயறது பாரு” என்றார்.

தீபாவளி விடியற்காலையில் மாப்பிள்ளை வந்தான். சம்பந்தி வீட்டாரும் பெருந்தன்மையாக வந்திருந்தார்கள். மாப்பிள்ளை கையில் புது வாட்ச், அவர்களே வாங்கிப் போட்டது. மாமி கூப்பிட்டதால் நானும் இறங்கிப் போனேன். மணையில் உட்கார்ந்த பரத்வாஜுக்கு மாமி எண்ணெய் வைக்க வந்தாள். கிண்ணத்தை மாமா பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டிருந்தார்.

பரத்வாஜ் நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

“எண்ணெயாவது ஒரிஜினல்தானே மாமா?”

கூடமே சிரித்தது. சம்பந்தி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். மாமாவும் சிரித்தார், கிண்ணத்திலிருந்து கொஞ்சம் எண்ணெய் தரையில் கொட்டியது. நான் மாளவிகாவைப் பார்த்தேன். புதுப் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.