கலியமூர்த்தி கேட்ட விடுப்பு

டெல்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் கலியமூர்த்தியைப் பற்றி ஒரு கேலி உண்டு. மனுஷன் செத்தாலும் மேலிடத்து அனுமதி வாங்கிக்கொண்டுதான் சாவார் என்பார்கள். அவர் காதிலும் அது விழுந்திருக்கிறது. கோபித்துக்கொண்டதில்லை. மத்திய சர்க்காரில் நிர்வாகப் பிரிவு அசிஸ்டென்ட். மாயவரம் பக்கம் மணல்மேடு சொந்த ஊர். சொல்லாமல் கொள்ளாமல் மட்டம் போட்டவனுக்கு மெமோ எழுதுவதுதான் அவருடைய வேலை. அரசு ஊழியன் டெல்லியை விட்டு வெளியே போவதானால், விடுமுறை நாளாகவே இருந்தாலும், எழுதிக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கலியமூர்த்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுராவுக்குப் போய்க் கிருஷ்ணனைக் கும்பிட்டுவிட்டு வருவதற்கும் அனுமதி வாங்கியவர்.

இப்படி ஒரு பயம் ஒருவனுக்குப் பிறவியிலேயே வராது. சூடு கண்ட பூனை அவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வடிவைக் கட்டிக்கொள்ள ஊருக்குப் போனார். திரும்புகிற சமயம் பார்த்து ஆந்திராவில் வெள்ளம் வந்து தண்டவாளத்தை அரித்துவிட்டது. ஆபீஸுக்கு ஒரு தந்தி கொடுத்திருக்கலாம். புதுமாப்பிள்ளைக்கு அந்த நேரத்தில் தந்தியா தோன்றும்? டெல்லிக்கு வந்து இறங்கினால் மேஜை மேல் மெமோ. அப்போதிருந்த அதிகாரி ஒரு சிடுமூஞ்சி. சர்வீஸ் அறுந்துபோனதாக எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டான். அதை ஒட்டவைப்பதற்குள் கலியமூர்த்தியோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் இரண்டு படி மேலே ஏறிவிட்டார்கள்.

"என்னைக் கட்டிக்கிட்டதுக்கு கவர்மென்ட்டு வச்ச மொய்யிங்க அது" என்று வடிவு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவர் சிரித்ததில்லை.

வடிவு வெடவெடவென்று மெலிந்த பெண்பிள்ளை. காய்கறி வண்டிக்காரனிடம் மணல்மேட்டு இந்தியில் பேரம் பேசி, அவன் தலையில் அடித்துக்கொண்டு கொத்தமல்லியைச் சும்மா கொடுக்கிற அளவுக்குப் படுத்தி எடுப்பாள். பெண் சுஜாதா பிறந்து சில வருஷங்களில் வடிவுக்குச் சர்க்கரை வியாதி கண்டது. மாத்திரைக்கு அடங்கவில்லை. இன்சுலின் ஊசி இல்லாவிட்டால் சில நாள்கூடத் தாங்காது என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார். காலையும் மாலையும் அவளே வயிற்றில் குத்திக்கொள்வாள். கறிவேப்பிலை ஆய்கிற மாதிரி அதையும் ஒரு வேலையாகச் செய்துவிட்டு அடுத்த காரியத்துக்குப் போய்விடுவாள். சுஜாதாவை ஈரோட்டில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

இரண்டாயிரத்து மூன்றில், தீபாவளி கழிந்த வாரம், ஒரு சாயங்காலம் வடக்கு வானம் செக்கச்செவேலென்று ஆனது. எங்கேயோ பெரிய தீ என்றுதான் எல்லோரும் மொட்டைமாடியில் ஏறிப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போயிற்று. டெல்லிக்காரனுக்குப் பவர் கட் புதிதா என்ன? மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு, மின்சாரக்காரனைத் திட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். சூரியனில் எழுந்த புயல் பூமியில் வந்து மோதியதென்றும், வடக்கே மின்சாரத்தைச் சுமந்த பெரிய டிரான்ஸ்பார்மர்களெல்லாம் கருகிவிட்டன என்றும், புதிதாகச் செய்து கொண்டுவர மாதக்கணக்காகும் என்றும் பேட்டரி ரேடியோ சொன்னபோது முதலில் யாரும் நம்பவில்லை. தெற்கே மின்சாரம் வரும் கம்பிவழி தனி. அங்கே புயலின் வேகமும் குறைவு. சில நாளில் அங்கே விளக்கு வந்துவிட்டது.

கரண்ட் என்பது வெறும் விளக்கு இல்லை என்று டெல்லிக்கு அப்புறம்தான் உறைத்தது. பம்பு ஓடாததால் குழாயில் தண்ணீர் இல்லை. கார்களுக்குப் பெட்ரோல் இறைக்க முடியவில்லை. பஸ்ஸுக்குக் காஸ் அடைக்கும் மெஷினும் நின்றது. பால் பூத்தில் டோக்கனைப் போட்டால் பால் கொட்டும் இயந்திரம் வாயை மூடிக்கொண்டது. குளிர்சாதனக் கிடங்குகளில் உருளைக்கிழங்கு அழுகி நாறியது; காற்றடித்தால் சோறு இறங்காது. பணம் பேங்க்கில் இருந்தது, கம்ப்யூட்டருக்குள். டெலிபோனும் ஒரு வாரத்தில் செத்தது.

ஆனாலும் ஜனங்கள் ஒருவரையொருவர் அடித்துத் தின்றுவிடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். பார்க் ஓரத்துக் கைப்பம்பில் முதல் இரண்டு நாள் அடிதடி நடந்தது. பிறகு பிளாக் வாரியாக முறை வைத்துக்கொண்டார்கள். வேப்பமரங்களை வெட்டிச் சுள்ளியைப் பங்கு போட்டார்கள். குருத்வாராவில் சர்தார்ஜிகள் விறகடுப்பு மூட்டி வந்தவர்களுக்கெல்லாம் ரொட்டியும் பருப்பும் போட்டார்கள். ரொட்டி தொண்டையில் இறங்காது என்று முப்பது வருஷம் சொல்லிக்கொண்டிருந்த நம்மூர்க்காரர்களும் வரிசையில் உட்கார்ந்து தின்றார்கள். வீட்டில் இருந்ததை அடுத்த வீட்டோடு பகிர்ந்துகொண்டார்கள். பகிர்ந்துகொள்ள முடியாத பொருள் ஒன்று இருந்தது. அது மருந்து.

வடிவிடம் இரண்டு குப்பி இன்சுலின் மிச்சமிருந்தது. ஃப்ரிட்ஜ் நின்றுபோனதால் மண்பானையில் ஈர மணலைப் போட்டு அதற்குள் புதைத்து வைத்தாள். குளிர் தொடங்கிவிட்டதால் மருந்து கெடாது. தீர்ந்துபோகும், அதுதான் கவலை. டிஸ்பென்சரியில் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியிலும் கையை விரித்துவிட்டார்கள். மருந்துக்கடைகளில் இருந்ததையெல்லாம் முன்னாலேயே யார் யாரோ அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கலியமூர்த்தி கரோல்பாக் வரை நடந்து போய்க் கடை கடையாகக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

நிஜாமுதீன் ஸ்டேஷனிலிருந்து டீசல் எஞ்சின் பூட்டிய ரயில்கள் தெற்கே ஓடத் தொடங்கின. ரிசர்வேஷன், டிக்கெட் எதுவும் கிடையாது. ஏறினவன் போகலாம். மாடி வீட்டுப் பரமசிவம் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றவர், திருநெல்வேலிக்காரர். மூட்டை கட்டிவிட்டு நேரே இவர்கள் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணாச்சி, நாளைக்குக் காலைல வண்டி. மைனிக்கு ஊசிமருந்து எத்தன நாளைக்கு வரும்னு பாத்தீயளா? தெக்க போயிட்டா மருந்து இருக்கு. ஆபீஸ் எங்கயும் ஓடிப் போவாது. கெளம்புங்க."

கலியமூர்த்தி விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். தம் மேலதிகாரியான அண்டர் செக்ரட்டரி வந்து கையெழுத்துப் போட்ட மறுநிமிஷம் கிளம்பிவிடுவதாகவும் சொன்னார். பரமசிவம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அந்த அண்டர் செக்ரட்டரி ஆபீஸ் பக்கம் தலைகாட்டியே பல நாளாயிற்று என்பது குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரியும்.

கலியமூர்த்தியை முட்டாள் என்று சொல்லிவிடுவது சுலபம். அவர் கணக்கு வேறு மாதிரி. அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். இந்த நேரத்தில் இன்னொரு தடவை சர்வீஸ் அறுந்தால் பென்ஷனில் கை வைத்துவிடுவார்கள். பென்ஷன் போனால் அப்புறம் காலத்துக்கும் வடிவுக்கு மருந்து வாங்குவது எப்படி? அவளுக்காகத்தான் அவர் பயந்தார். அவளை மட்டுமாவது பரமசிவம் குடும்பத்தோடு அனுப்பியிருக்கலாம். அவர் வாய்விட்டுச் சொல்லவும் செய்தார். "நீங்க தனியா இருந்து என்னத்தத் திம்பீங்க? உங்க ஆபீசரு வந்துடட்டும், சேந்தே போவோம்" என்று அவள் சொன்னதும் அவருக்கு ஆறுதலாகப் போய்விட்டது. அந்த இருட்டு வீட்டில் அவளில்லாமல் இருப்பதை அவரால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. இரண்டாம் முறை அவர் போ என்று சொல்லவே இல்லை.

தினமும் விடிந்ததும் நடந்தே செக்ரடேரியட்டுக்குப் போனார். ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வெளிச்சம் இருக்கிறவரை உட்கார்ந்திருந்தார். அந்த மாடியில் அவரும் இரண்டு பியூன்களும்தான். அண்டர் செக்ரட்டரியின் அறைக்குப் போய், தம்முடைய விண்ணப்பம் டிரேயில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதா என்று பார்ப்பார். அதன் மேல் வேறொரு காகிதம் வந்து விழ அங்கே ஆளே இல்லை. அதற்கு ஒரு நினைவூட்டலும் எழுதிச் சேர்த்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், "வந்தாரா?" என்று வடிவு கேட்பாள். "நாளைக்கு வந்துடுவாரு" என்பார்.

அவள் ஊசி அளவைக் குறைத்துக்கொண்டிருந்தாள். அதை அவரிடம் சொல்லவில்லை. பாதி போட்டாள், பிறகு பாதியில் பாதி. சோற்றையும் குறைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். ரவிக்கை தோளில் தொங்கத் தொடங்கியபோது, ரொட்டி ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். ஒரு நாள் அவர் வீட்டுக்கு வந்தபோது அவள் குளியலறை வாசலில் வாந்தியெடுத்துவிட்டுச் சுருண்டு கிடந்தாள். மூச்சில் பழுத்த பழத்தின் வாடை அடித்தது. அவர் பானை மணலைக் கிளறிப் பார்த்தார். ஒரு குப்பி காலி. இன்னொன்றில் அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அப்படியே சிரிஞ்சில் உறிஞ்சி அவளுக்கு ஊசி போட்டுவிட்டார்.

மறுநாள் காலை அவர் ஆபீஸுக்குப் போகவில்லை. சைக்கிள் ரிக்ஷா ஒன்றைப் பிடித்து, அவளைப் போர்வையில் சுற்றி மடியில் சாய்த்துக்கொண்டு நிஜாமுதீனுக்குப் போனார். ரயிலில் கூட்டம் பிதுங்கியது. ஊருக்குப் போகும் ஒரு பட்டாளத்துச் சிப்பாய், நிலைமையைப் பார்த்துவிட்டு, தன் பக்கத்து ஆட்களை எழுப்பி ஒரு பலகை முழுவதையும் காலி செய்து கொடுத்தான். வண்டி நகர்ந்தது. ஆக்ராவிலும் ஜான்சியிலும் கலியமூர்த்தி பெட்டி பெட்டியாக ஓடி, யாரிடமாவது இன்சுலின் இருக்கிறதா என்று கேட்டார். மருந்து இருந்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேருமே தங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வைத்திருந்தார்கள். ஒரு தாய் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அவளைத் தப்பு சொல்லவில்லை.

இட்டார்சி தாண்டியதும் வடிவுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. சுற்றுமுற்றும் பார்த்தாள். ரயிலில் இருக்கிறோம் என்று புரிய நேரம் பிடித்தது.

"ஏங்க, லீவு குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்க வடிவு. கையெழுத்துப் போட்டுட்டாரு."

"இந்தத் தடவ ஒண்ணும் எழுதிற மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க. நீ தூங்கு."

தமக்குத் தெரிந்து அவர் அவளிடம் சொன்ன முதல் பொய் அது. அவள் முகம் தளர்ந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். அதன் பிறகு மூச்சு பெரிது பெரிதாக வாங்கியது. நாக்பூர் கடந்து கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கியது. வண்டி பல்லார்ஷா ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது பிளாட்பாரம் முழுவதும் ட்யூப்லைட் எரிந்தது. அத்தனை வெளிச்சத்தைப் பார்த்துப் பெட்டியில் இருந்தவர்கள் கைகொட்டினார்கள். தெற்கேயிருந்து வந்த டாக்டர்கள் அங்கேயே மேஜை போட்டு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஐஸ் பெட்டி நிறைய இன்சுலின் இருந்தது. இளம் டாக்டர் ஒருவர் பெட்டியில் ஏறி வடிவின் நாடியைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கலியமூர்த்தியின் தோளில் கை வைத்தார்.

வர்தா ஆற்றங்கரையில், முன்பின் தெரியாத ஆட்கள் தூக்கிப் போய்த் தகனம் செய்தார்கள். கொள்ளிவைத்துவிட்டு அவர் ஈரோட்டுக்குப் போனார். சுஜாதா அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேளாவேளைக்குச் சோறு போட்டாள். அவரும் சாப்பிட்டார்.

கோடை தொடங்குகிற சமயம் டெல்லியில் பகுதி பகுதியாகக் கரண்ட் வந்தது. ஊழியர்கள் வேலைக்குத் திரும்பலாம் என்று ரேடியோ சொன்னதும் கலியமூர்த்தி கிளம்பிவிட்டார். அனுமதியில்லாமல் போனதற்கான விளக்கத்தை ரயிலிலேயே எழுதி, சட்டைப்பையில் வைத்திருந்தார். அண்டர் செக்ரட்டரி சீட்டில் இருந்தார். டேராடூனில் மாமனார் வீட்டில் இருந்தேன், கரண்ட் போன மூன்றாம் நாளே போய்விட்டேன் என்று சாதாரணமாகச் சொன்னார். நல்ல மனிதர்தான். வடிவைப் பற்றிக் கேள்விப்பட்டதும் எழுந்து வந்து கையைப் பற்றிக்கொண்டார். விளக்கத்தை வாங்கிப் படித்துவிட்டு, இதெல்லாம் எதற்கு என்று திருப்பிக் கொடுத்தார். இருண்டிருந்த மாதங்களில் வராத நாளெல்லாம் எல்லோருக்கும் வேலை செய்த நாளாகவே கொள்ளப்படும் என்று சர்க்கார் ஒரே வரியில் உத்தரவு போட்டுவிட்டதாம். பிரிவில் ஒருவர் பாக்கியில்லாமல் ஊருக்குப் போயிருந்தார்கள். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை என்று சொல்லி ஒருவர் எல்லோருக்கும் பால்பேடா கொடுத்தார். கலியமூர்த்திக்கும் ஒன்று வந்தது. கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலம் மார்க்கெட்டில் எஸ்.டி.டி. பூத் திறந்திருந்தது. சுஜாதாவுக்குப் போன் செய்து, வேலையில் சேர்ந்துவிட்டதையும் உத்தரவையும் சொன்னார். இத்தனை மாதமாகக் கேட்காததை அவள் அப்போதுதான் கேட்டாள்.

"பரமசிவம் மாமா கூப்பிட்டப்பவே ஏம்ப்பா கிளம்பல?"

"போயிட்டா, யாரக் கேட்டுப் போனேன்னு கேப்பாங்கன்னு நெனச்சேம்மா." அவர் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஆபீஸ்ல ஒருத்தரும் கேக்கல. கேட்டவ உங்கம்மா ஒருத்திதான், அந்த ரயில்ல."