மோதிர விரலின் முறை

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில்தான் விரல் முதலில் மடங்கியது. கீபோர்டு வாசித்துக்கொண்டிருக்கும்போதே வலது கையின் மோதிர விரல் உள்ளங்கைப் பக்கம் சுருண்டுகொண்டது. வலி இல்லை. வீட்டுக்கு வந்து வெங்காயம் நறுக்கினேன், ஒழுங்காக இருந்தது. கீபோர்டில் வைத்தால் மட்டும் மடங்கியது.

நான் பொன்னேரியில் சர்ச் கீபோர்டில் தொடங்கி, சொந்தமாகக் காதல் பாட்டுகள் எழுதி, பிறகு வார்த்தையில்லாத அமைதியான பியானோ இசைக்கு வந்தவள். தூக்கம் வராதவர்களுக்காக நான் எழுதிய ஒரு பாட்டு இணையத்தில் நன்றாகப் போனது. அதனால் சென்னையில் ஒரு மேடை கிடைத்தது. முதல் முறையாக நிஜ பியானோ. அந்த நேரம் பார்த்தா இந்தச் சனியன் வர வேண்டும்?

வாசிப்பவர்கள் எல்லோரும் செய்யும் முட்டாள்தனத்தையே நானும் செய்தேன். விரல் சொன்னபடி கேட்கவில்லை என்றால் பயிற்சி போதவில்லை, அப்படித்தான் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். விரலை டேப் சுற்றி நிமிர்த்திவைத்து, அதே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். சுண்டு விரலும் சேர்ந்து மடங்கியது.

காக்களூர் கம்பெனியிலிருந்து ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர் தாஸ், "கொஞ்ச நாள் வுட்டுடேம்மா. இன்னாத்துக்கு அதையே போட்டு அடிச்சிக்கினுகீற?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று அவருக்குச் சாப்பாடு போட்டதே பெரிது.

முதலில் பார்த்த டாக்டர், ஸ்கேனில் ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான் என்றார். மனசு மோதிர விரலில் மட்டுமா இருக்கிறது? சென்னையில் ஒரு நரம்பியல் மருத்துவர்தான் கீபோர்டையே எடுத்துவரச் சொல்லி, நான் வாசிப்பதைப் பார்த்தார். ஃபோகல் டிஸ்டோனியா (பழகிய ஒரு வேலையைச் செய்யும்போது மட்டும் மூளையின் தவறான கட்டளையால் தசை முறுக்கிக்கொள்வது) என்றார்.

"நீங்க விடாம பிராக்டிஸ் பண்ணீங்க பாருங்க, அதுதாம்மா இதை முத்த வெச்சிருக்கு."

ஆஸ்பத்திரி காரிடாரில் உட்கார்ந்து அழுதேன். உழைத்ததற்கா தண்டனை? மேடையை வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

போட்டுலினம் ஊசி (முறுக்கும் தசையைத் தளர்த்தும் மருந்து) போட்டார்கள். விரல் மடங்கவில்லை, ஆனால் கீபோர்டின் கட்டையை அழுத்தவும் அதற்குத் தெம்பில்லை. கீபோர்டில் தூசி படிந்தது.

எங்களைப் போன்ற சர்ச் கீபோர்டுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாடுபவர் எந்தச் சுருதி கேட்டாலும் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டிச் சுருதியை மாற்றிவிட்டு, விரல்களை வெள்ளைக் கட்டைகளிலேயே ஓட்டுவோம். என் பாட்டும் அப்படிப் பிறந்ததுதான். ஊசியின் வேகம் குறைந்த சமயத்தில், தாஸ் தூசி துடைக்கிறேன் என்று அந்தப் பட்டனை அமுக்கித் தொலைத்திருந்தார். உட்கார்ந்து வாசித்தால் பாட்டின் சுருதி கீழே இறங்கிக் கிடந்தது. விரலும் வழக்கம்போல் மடங்கியது. எரிச்சலில், பழைய சுருதியைத் தேடிப் பழக்கமே இல்லாத கறுப்புக் கட்டைகளில் தடுமாறினேன். விரல் நிமிர்ந்தே இருந்தது.

கெட்டுப்போனது மூளையில் பழகிய தடம் மட்டும்தான், புதிய தடத்தை மெதுவாகப் பழகுங்கள், மடங்கத் தொடங்கினால் அப்போதே எழுந்துவிடுங்கள் என்றார் மருத்துவர். எல்லோருக்கும் இப்படி வழி கிடைக்காது என்றும் சொன்னார். இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்று அதே பாட்டைப் பாதி வேகத்தில் வாசிக்கிறேன். உடம்பின் மற்ற பாகங்களுக்கெல்லாம் என் வயது. வலது கை மட்டும் எல்.கே.ஜி. வெள்ளைக் கட்டைகளுக்குத் திரும்பினால் விரல் இப்போதும் சுருள்கிறது. நேற்று தாஸ் நாற்காலியில் சாய்ந்து கேட்டார். "இப்பதாம்மா நெஜமாவே தூக்கம் வருது" என்றவர் தூங்கியும் விட்டார்.

எனக்கு எங்கே வரும்? ஒவ்வொரு வரியிலும் மோதிர விரலின் முறை வந்து போகும்வரை நான் மூச்சே விடுவதில்லை.